நாள்காட்டி அச்சிடும் நிரல்: பைத்தான் வகுப்புக்கு ஐந்து செயல்பாடுகள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் மொழியைக் கற்பிக்கிறோம். செயற்கூறு, மடக்கு, லிஸ்ட், சரம், இனக்குழு ஆகியவை தனித்தனிப் பாடங்களாக வருகின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் சிறு நிரல்கள் உண்டு. மாணவர்கள் அவற்றைச் செய்முறைத் தேர்வுக்காக எழுதிப் பழகுகிறார்கள். ஆனால் இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து பயன்படும் இடத்தைப் பெரும்பாலான மாணவர்கள் பார்ப்பதில்லை. “இதை வைத்து என்ன செய்யலாம், சார்?” என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. அதற்கு நான் கொடுக்கும் விடைகளில் ஒன்று நாள்காட்டி.

நாள்காட்டியைத் தெரியாத மாணவர் இல்லை. எல்லா வீட்டுச் சுவரிலும் அது தொங்குகிறது. ஆகவே நிரல் தரும் விடை சரியா தவறா என்று மாணவரே பார்த்துச் சொல்லிவிடலாம். பைத்தானுடன் சேர்ந்தே வரும் காலண்டர் என்னும் நூலகத் தொகுதிக்கு இணைய இணைப்பு தேவையில்லை, தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். ஆய்வகத்தில் இணையம் வராத நாளிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம்.

ஒரு குறிப்பு: இக்கட்டுரையில் கட்டளைகளை அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இனக்குழுப் பெயர்களைத் தவிர மற்றவை சிறிய எழுத்துகளிலேயே அமையும்.

செயல்பாடு 1: முதலில் தாளும் பென்சிலும்

கணினியைத் திறப்பதற்கு முன் மாணவர்களைக் குழுவாக உட்கார வைத்து, 7 நிரல்களும் 6 நிரைகளும் கொண்ட கட்டம் வரையச் சொல்லுங்கள். இரண்டு தகவல்களை மட்டும் கொடுங்கள்: 2026 ஆகஸ்ட் 1 சனிக்கிழமை, அம்மாதத்துக்கு 31 நாள்கள். ஞாயிற்றுக்கிழமையை முதல் நிரலாக வைத்து அவர்கள் கட்டத்தை நிரப்பட்டும்.

கிடைப்பது இதுதான்:

                   1
 2  3  4  5  6  7  8
 9 10 11 12 13 14 15
16 17 18 19 20 21 22
23 24 25 26 27 28 29
30 31

இப்போது கேளுங்கள்: “முதல் நிரையில் எத்தனை கட்டங்களை வெறுமையாக விட்டீர்கள்?” ஆறு. “மொத்தம் எத்தனை நிரைகள் வந்தன?” ஆறு. அடுத்து 2026 பிப்ரவரியைக் கொடுங்கள். அம்மாதம் 1ஆம் தேதி ஞாயிறு, 28 நாள்கள். வெற்றுக் கட்டமே இல்லாமல் நான்கு நிரைகளில் மாதம் முடிந்துவிடும். இதைக் கண்டு மாணவர்கள் வியப்படைவார்கள்.

இங்கிருந்து விதியை அவர்களே சொல்லும்படி செய்யலாம். வெற்றுக் கட்டங்களையும் நாள்களையும் கூட்டி 7ஆல் வகுத்து, மீதி இருந்தால் ஒன்றைக் கூட்டினால் நிரைகளின் எண்ணிக்கை கிடைக்கும். ஆகஸ்டுக்கு 6 + 31 = 37; ஆகவே 6 நிரைகள். பிப்ரவரிக்கு 0 + 28 = 28; ஆகவே 4 நிரைகள். நாள்காட்டி முழுவதும் இரண்டே எண்களில் அடங்கிவிடுகிறது என்பது இந்தச் செயல்பாட்டில் மாணவர் பெற வேண்டிய கருத்து. முதல் நாளின் கிழமை ஒன்று. நாள்களின் எண்ணிக்கை மற்றொன்று.

செயல்பாடு 2: நூலகத்திடம் கேட்போம்

இப்போது கணினிக்கு வரலாம். இரண்டு வரிகள் போதும்:

இம்போர்ட் காலண்டர்
பிரிண்ட்(காலண்டர்.மந்த்(2026, 8))

திரையில் ஆகஸ்ட் மாதம் வரும். ஆனால் மாணவர் தாளில் வரைந்ததும் திரையில் வந்ததும் ஒன்றாக இராது:

                1  2
 3  4  5  6  7  8  9
10 11 12 13 14 15 16
17 18 19 20 21 22 23
24 25 26 27 28 29 30
31

“கணினி தப்பு” என்று சிலரும், “நாம்தான் தப்பு” என்று சிலரும் சொல்வார்கள். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். தலைப்பு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். இந்நூலகம் திங்கட்கிழமையை வாரத்தின் முதல் நாளாக வைக்கிறது. நம் வீட்டு நாள்காட்டி ஞாயிற்றில் தொடங்குகிறது. இரண்டுமே சரி. எந்த வழக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்று பார்க்காமல் படித்தால்தான் தவறு நேரும்.

மாற்றுவதற்கு ஒரு வரி: காலண்டர்.செட்ஃபர்ஸ்ட்வீக்டே(6). நூலகம் திங்களை 0 என்றும் செவ்வாயை 1 என்றும் எண்ணிக்கொண்டு போய் ஞாயிற்றை 6 என்கிறது. அதனால்தான் இங்கே 6 கொடுக்கிறோம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலண்டர்.மந்த்ரேஞ்ச்(2026, 8) என்ற செயற்கூறு (5, 31) என்னும் டியூப்பிலைத் திருப்பியனுப்பும். 5 என்பது சனிக்கிழமை. 31 என்பது நாள்களின் எண்ணிக்கை. தாளில் நாம் பயன்படுத்திய அதே இரண்டு தகவல்கள். ஆனால் முதல் நாளை ஞாயிறு என்று மாற்றிய பிறகும் இந்தச் செயற்கூறு 5 என்றே சொல்லும். 6 என்று மாறாது. அந்த அமைப்பு நிரல்களின் வரிசையை மட்டுமே மாற்றுகிறது. கிழமைகளின் எண்ணை மாற்றுவதில்லை.

அப்படியானால் வெற்றுக் கட்டங்களை எப்படிக் கணக்கிடுவது? கிழமை எண்ணிலிருந்து முதல் நாளின் எண்ணைக் கழித்து, 7ஆல் வகுத்து மீதி காண வேண்டும். ஆகஸ்டுக்கு 5 – 6 = –1. பைத்தானில் –1ஐ 7ஆல் வகுத்தால் மீதி 6. நம் தாளில் இருந்த ஆறு வெற்றுக் கட்டங்கள் இவைதாம். பதினொன்றாம் வகுப்பில் படித்த சி++ மொழியில் இதே கணக்கைப் போட்டால் மீதி –1 என்றே வரும். ஒரே குறி, இரு மொழிகளில் இரு விடைகள். இரண்டையும் அருகருகே ஓட்டிக் காட்டினால் மாணவர் மறக்க மாட்டார்கள்.

செயல்பாடு 3: வடிவமைப்பின் கணக்கு

பிரிண்ட் இல்லாமல் காலண்டர்.மந்த்(2026, 8) என்று மட்டும் ஐடில் சாளரத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் வராது, மேற்கோள் குறிகளுக்குள் புதிய வரிக் குறிகள் கலந்த ஒரே நீளச் சரம் வரும். நாள்காட்டி என்று நாம் கண்டது உண்மையில் ஒரு சரம்தான். இடைவெளிகளும் வரி முறிவுகளுமே அதற்குக் கட்ட வடிவம் கொடுத்தன. ‘வெளியீட்டை வடிவமைத்தல்’ என்பதன் பொருள் இங்கே தெளிவாகும்.

அடுத்து அகலத்தைக் கணக்கிடுவோம். ஒவ்வொரு தேதிக்கும் குறைந்தது 2 இடங்கள். ஏழு நிரல்களுக்கு 14. நிரல்களுக்கு இடையே ஒவ்வோர் இடைவெளி வீதம் 6. மொத்தம் 20 எழுத்து அகலம். மாதப் பெயர் இந்த 20 இடங்களின் நடுவில் அமைகிறது.

முழு ஆண்டையும் அச்சிட பிரிண்ட்(காலண்டர்.காலண்டர்(2026)) என்று கொடுக்கலாம். ஒரு வரிசைக்கு மூன்று மாதங்கள். மாதங்களுக்கு இடையே 6 இடைவெளிகள். 20 × 3 + 6 × 2 = 72. ஒரு வரிக்கு 80 எழுத்துகள் கொண்ட பழைய திரைகளிலும் இது அடங்கும். இந்த அளவுகளையெல்லாம் நாம் மாற்றலாம். தேதியின் அகலத்துக்கு டபிள்யூ, வரிகளின் இடைவெளிக்கு எல், மாதங்களின் இடைவெளிக்கு சி, வரிசைக்கு எத்தனை மாதங்கள் என்பதற்கு எம் என நான்கு அளபுருக்கள் உள்ளன. எம் = 4 என்று கொடுத்தால் அகலம் எவ்வளவு? மாணவர் முதலில் கணக்கிடட்டும், பிறகு ஓட்டிப் பார்க்கட்டும். 20 × 4 + 6 × 3 = 98.

இந்தச் செயல்பாட்டில் இரண்டு இடர்கள் வரும். முதலாவது, மாணவர் தம் நிரலுக்கு ‘காலண்டர்’ என்றே பெயரிட்டுச் சேமிப்பது. அப்போது பைத்தான் நூலகத்துக்குப் பதிலாக அந்த மாணவரின் கோப்பையே இறக்கிக்கொள்ளும்; அதில் மந்த் என்ற செயற்கூறு இல்லை என்று பிழை காட்டும். கோப்பின் பெயரை மாற்றினால் சரியாகும். இரண்டாவது, வெளியீட்டை நகலெடுத்துச் சொற்செயலியில் ஒட்டியதும் நிரல்கள் கலைந்துபோவது. கூரியர் நியூ போன்ற சம அகல எழுத்துருவுக்கு மாற்றினால் ஒழுங்காகிவிடும். நிரல்கள் கலைவதைத் தடுக்க நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். கலைந்த பிறகு காரணம் கேட்டால் அதுவே நல்ல பாடம்.

செயல்பாடு 4: தமிழில் கிழமைகள்

தலைப்பு ஆங்கிலத்தில் இருப்பதை மாணவர்களே சுட்டிக்காட்டுவார்கள். தமிழில் வேண்டும் என்று கேட்பார்கள். மரபுரிமத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. நூலகத்தில் டெக்ஸ்ட்காலண்டர் என்ற இனக்குழு உள்ளது. அதில் கிழமைத் தலைப்பை எழுதும் வழிமுறை ஃபார்மேட்வீக்டே. நாம் ஒரு தருவிக்கப்பட்ட இனக்குழுவை உருவாக்கி அந்த ஒரு வழிமுறையை மட்டும் மாற்றினால் போதும். தேதிகளை அடுக்கும் வேலையை அடிப்படை இனக்குழுவே பார்த்துக்கொள்ளும்.

கிழமை = [“திங்கள்”, “செவ்வாய்”, “புதன்”, “வியாழன்”, “வெள்ளி”, “சனி”, “ஞாயிறு”]

கிளாஸ் தமிழ்நாள்(காலண்டர்.டெக்ஸ்ட்காலண்டர்):
    டெஃப் ஃபார்மேட்வீக்டே(செல்ஃப், டே, விட்த்):
        ரிட்டர்ன் கிழமை[டே][:விட்த்].சென்டர்(விட்த்)

பிரிண்ட்(தமிழ்நாள்(6).ஃபார்மேட்மந்த்(2026, 8))

பைத்தான் 3இல் மாறிகளுக்கும் இனக்குழுக்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘கிழமை’, ‘தமிழ்நாள்’ என்ற பெயர்களை அப்படியே தமிழில் தட்டச்சு செய்யுங்கள். மாணவர்களுக்கு இது பெரிய மகிழ்ச்சி.

ஓட்டிப் பார்த்தால் ஞா, தி, செ, பு, வி, வெ என ஆறு கிழமைகள் ஒழுங்காக வரும். சனிக்கிழமை மட்டும் ‘சன’ என்று வரும். ஏன்? நிரல் முதல் இரண்டு குறியீடுகளை வெட்டி எடுக்கிறது. நம் கண்ணுக்கு ‘ஞா’ ஓர் எழுத்து. ஒருங்குறியில் ‘ஞ’ ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறியீடுகள். ‘தி’, ‘செ’, ‘பு’ எல்லாம் அப்படியே. ‘ச’ மட்டும் அகர உயிர்மெய், ஒரே குறியீடு. ஆகவே அடுத்த எழுத்தான ‘னி’யிலிருந்து ‘ன’ மட்டும் வெட்டுப்பட்டு வந்து ஒட்டிக்கொண்டது. அகலத்தை 3 ஆக்கினால் ‘சனி’ சரியாகிவிடும். ஆனால் திங்கள் ‘திங’ என்று புள்ளியிழந்து நிற்கும்.

லென்(“ஞாயிறு”) கேட்டால் 6 என்று விடை வரும். தமிழாசிரியர் மூன்று எழுத்து என்பார். ஒருவர் சொல்வது எழுத்து, மற்றவர் எண்ணுவது குறியீடு. இந்த வகுப்புக்குத் தமிழாசிரியரையும் அழைத்துக்கொள்ளலாம். எழுத்தின் வகைகளை மாணவர் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருக்கிறார்கள். அது கணினியில் இப்படி வந்து நிற்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தீர்வு எளிது. வெட்டும் வேலையை நிரலிடம் விடாமல், பட்டியலிலேயே “தி”, “செ”, “பு”, “வி”, “வெ”, “ச”, “ஞா” என்று சுருக்கங்களை நாமே எழுதிவிடலாம். இருந்தாலும் தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாததால் தலைப்பு வரி சற்று முன்பின்னாக நிற்கும். அறிவிப்புப் பலகைக்கு அழகாக வேண்டுமானால், காலண்டர்.மந்த்காலண்டர்(2026, 8) தரும் வாரப் பட்டியல்களை சிஎஸ்வி கோப்பாக எழுதி அட்டவணைச் செயலியில் திறக்கலாம். மாதத்துக்கு வெளியே உள்ள கட்டங்களில் இச்செயற்கூறு 0 வைக்கிறது. அவற்றை வெற்றுச் சரமாக மாற்றிவிட்டு எழுத வேண்டும். சிஎஸ்வி பாடத்துக்கும் இது பயிற்சியாகும்.

செயல்பாடு 5: இரண்டாவது சனிக்கிழமை

வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. ஆண்டு முழுவதும் அந்தத் தேதிகளைப் பட்டியலிடும் நிரலை எழுதச் சொல்லுங்கள்.

திங்களில் தொடங்கும் நாள்காட்டியில் ‘இரண்டாவது நிரையில் ஆறாவது கட்டம்’ என்று மாணவர் எழுதுவார்கள். 2026 ஆகஸ்டுக்கு 8 என்று சரியான விடை வரும். பிப்ரவரிக்கு 7 என்று வரும். அது முதல் சனிக்கிழமை. அம்மாதம் ஞாயிற்றில் தொடங்குவதால் முதல் நிரையின் சனிக்கட்டத்தில் 0 இருக்கிறது. சரியான விடை 14. பதினொரு மாதச் சோதனையில் தேறிய நிரலும் ஒரு மாதத்தில் தவறலாம் என்பதை இப்படித்தான் காட்ட முடியும். 2026இல் பிப்ரவரி, மார்ச், நவம்பர் ஆகிய மூன்று மாதங்கள் ஞாயிற்றில் தொடங்குகின்றன. அவை மூன்றிலும் இந்நிரல் தவறும்.

நிபந்தனை ஒன்றைச் சேர்த்தும் இதைச் சரிசெய்யலாம். இன்னோர் அழகான வழியும் உண்டு. ஞாயிற்றில் தொடங்கும் நாள்காட்டியில் சனி கடைசி நிரல். முதல் நிரையின் கடைசிக் கட்டம் ஒருபோதும் வெறுமையாக இருக்காது. ஆகவே இரண்டாவது நிரையின் கடைசி எண் எப்போதும் இரண்டாவது சனிக்கிழமைதான். நான்காவது நிரையின் கடைசி எண் நான்காவது சனிக்கிழமைதான். தரவை அடுக்கும் முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நிரல் எளிதாகும்.

இதன் தொடர்ச்சியாக வேலை நாள்களை எண்ணலாம். 2026 ஆகஸ்டில் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு போக 21 நாள்கள். சுதந்திர தினத்துக்காக ஒன்றைக் கழித்து 20 என்று எழுதும் மாணவர் இருப்பார். அவ்வாண்டு ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, ஏற்கெனவே கழிந்துவிட்டது. கழிப்பதற்கு முன் அந்நாளின் கிழமையைச் சோதிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் பெற்றோர் சந்திப்புக்கும் நாள் குறிப்பவர்கள் நாம். தேதியும் கிழமையும் பொருந்தாத ஓர் அழைப்பிதழ் போனால், அன்றைய கூலியை விட்டுவிட்டு வரும் ஒரு தாய் பூட்டிய வாயிலில் நிற்க நேரும். அழைப்பிதழில் ஒரு கட்டம் தள்ளிப்போவது அவருக்கு ஒரு நாள் சம்பளம். மாணவரிடம் இதைச் சொல்லுங்கள். சோதித்துப் பார்ப்பதன் அவசியம் அதன்பின் மதிப்பெண்ணுக்கானதாக மட்டும் இராது.

நூலகம் அறியாதவை

கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் மாணவரிடம் உண்டு. அதைச் சோதிக்கவும் நாள்காட்டி உதவும்.

காலண்டர்.மந்த்(1752, 9) என்று கொடுங்கள். 30 நாள்களும் வரும். ஆனால் இங்கிலாந்தும் அதன் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளும் அந்த மாதத்தில்தான் ஜூலியன் முறையை விட்டு கிரிகோரியன் முறைக்கு மாறின. செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14 ஆயிற்று. 11 தேதிகள் இல்லை. லினக்ஸ் கணினிகளில் உள்ள ‘கால்’ கட்டளை அந்த இடைவெளியைக் காட்டும். பைத்தான் நூலகமோ கிரிகோரியன் முறையையே எல்லாக் காலத்துக்கும் நீட்டிக் கணக்கிடுகிறது. பிரான்ஸ் 1582லேயே மாறிவிட்டது. ஆகவே 1752க்கு முன் சென்னையில் இருந்த ஆங்கிலேயரும் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரரும் ஒரே நாளுக்கு வெவ்வேறு தேதிகளை எழுதினார்கள். வரலாற்று ஆசிரியருடன் சேர்ந்து நடத்த ஏற்ற பகுதி இது.

“பொங்கல் ஏன் சில ஆண்டுகளில் ஜனவரி 14, சில ஆண்டுகளில் 15?” என்றும் கேட்பார்கள். தமிழ் மாதங்கள் சூரியன் இராசிகளில் நுழைவதைக் கொண்டு கணிக்கப்படுபவை. அவற்றின் நாள்கள் 29 முதல் 32 வரை மாறும். இந்நூலகத்தில் அந்தக் கணிப்பு இல்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட விதிகளுக்குள்தான் நூலகம் சரியாகச் சொல்லும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. காலண்டர்.வீக்டே செயற்கூற்றைக் கொண்டு 1947 ஆகஸ்ட் 15, 1950 ஜனவரி 26, 1956 நவம்பர் 1 ஆகியவற்றின் கிழமைகளைக் கண்டறிக. (விடைகள் 4, 3, 3 என வரும். அவை வெள்ளி, வியாழன், வியாழன்.)

2. 1900, 2000, 2100 ஆகியவற்றுள் எவை லீப் ஆண்டுகள்? காலண்டர்.இஸ்லீப் கொண்டு சரிபார்த்து, விதியை உங்கள் சொற்களில் எழுதுக. (2000 மட்டுமே லீப் ஆண்டு.)

3. 400 ஆண்டுகளில் 97 லீப் ஆண்டுகள் உள்ளன. மொத்த நாள்கள் 1,46,097. இதை 7ஆல் வகுத்து, 2026இன் நாள்காட்டியும் 2426இன் நாள்காட்டியும் ஒன்றே எனக் காட்டுக. (மீதி 0, சரியாக 20,871 வாரங்கள்.)

4. தேதி அகலம் 3 எனில் ஒரு மாதத்தின் அகலம் என்ன? (7 × 3 + 6 = 27.)

5. நூலகத்தை இறக்காமல், முதல் நாளின் கிழமை எண்ணையும் நாள்களின் எண்ணிக்கையையும் உள்ளீடாகப் பெற்று ஒரு மாத நாள்காட்டியை அச்சிடும் நிரலை எழுதுக.

ஐந்தாவது வினாவே முதன்மையானது. அதை எழுதி முடித்த மாணவருக்கு நூலகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது புரிந்துவிடும். அவர் எழுதிய நிரலின் விடையை நூலகத்தின் விடையோடு பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஆண்டைக் கூட மாற்றிப் பார்க்கட்டும்.

மூன்று பாடவேளைகள் போதும். முதல் வேளையில் தாளும் பென்சிலும், இரண்டாவதில் நூலகமும் வடிவமைப்பும், மூன்றாவதில் தமிழ்த் தலைப்பும் பயன்பாடுகளும் எனப் பிரித்துக்கொள்ளலாம். கணினி குறைவாக உள்ள பள்ளியில் முதல் செயல்பாட்டையும் அகலக் கணக்கையும் வகுப்பறையிலேயே முடித்துவிட்டு, மற்றவற்றுக்கு மட்டும் ஆய்வகம் செல்லலாம். மாணவர் உருவாக்கிய நாள்காட்டியை அச்சிட்டு, தேர்வு நாள்களையும் கூட்ட நாள்களையும் அவர்கள் கையாலேயே குறிக்கச் செய்து, வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.